சிவப்பு விளக்குக்கு அப்பாவின் இருமல்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு விளக்குக்கு அப்பாவின் இருமலை வைக்கலாம் என்று முதலில் சொன்னது யார்?

நான்தான் என்பது என் நினைவு. அக்கா, தான்தான் என்பாள். மூன்றாம் மாடிக் கேப்டனைக் கேட்டால், “ரெண்டு பேரும் புளுகறீங்க. நான்தான் சொன்னேன்” என்பான். அப்பா மட்டும் சண்டைக்கு வரமாட்டார். “யார் சொன்னா என்ன, இருமினது நான்” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டுவார்.

ஆகவே, எனக்கு நினைவில் இருக்கிறபடி சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதினாறு. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். முன்னறை அம்மாவின் தையல் கடை. அம்மா புதுத்துணி தைப்பதில்லை. யாரோ தைத்ததைத் திருத்துவதுதான் அவள் தொழில். நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவாள், இறுக்கமான சட்டையைத் தளர்த்துவாள். எப்போதும் வாயில் நான்கு குண்டூசிகள் இருக்கும். அதனால் பாதி வார்த்தைகள் எங்களுக்குப் புரியாது. திட்டு மட்டும் தெளிவாகப் புரிந்துவிடும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

கேப்டனுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. ஆனால் ஐம்பத்து நான்கு படிகளையும் என்னைவிட வேகமாக இறங்கி வருவான். வந்ததும் எல்லோருக்கும் உத்தரவு போடுவான். “அத்தை, மிஷினுக்கு எண்ணெய் போடுங்க, முனகுது.” “வாலு, அந்த ஜன்னலைச் சாத்து.” வாலு என்பது நான். இப்படி உத்தரவு போடுகிறவனுக்குக் கேப்டன் என்றுதானே பெயர் வரும்?

அக்காவின் பழைய மடிக்கணினியில் ஒரு பேருந்து விளையாட்டு இருந்தது. ஒரு நகரம், ஒரு பேருந்து. நிறுத்தங்களில் ஆட்களை ஏற்றி இறக்கி, விளக்குகளுக்கு நின்று, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நானும் அக்காவும் மாறி மாறி ஓட்டுவோம். கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான்.

“இப்ப என்ன ஆச்சு?”

“திரும்பறேன்.”

“எந்தப் பக்கம்?”

“இடது.”

“இப்ப?”

“சும்மா இருடா, முட்டிடப் போறேன்!”

முட்டிவிட்டேன். கேப்டன் சிரித்தான். பிறகு கையை நீட்டி மடிக்கணினியின் எழுத்துகளைத் தடவிப் பார்த்தான்.

“என் கையில குடுத்தா உன்னைவிட நல்லா ஓட்டுவேன்” என்றான். “ரோடு எங்க இருக்குன்னு மட்டும் யாராவது சொல்லணும்.”

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையாவது பிரித்துப் போடப் போகிறாள் என்றால் இப்படித்தான் பார்ப்பாள்.

மாட் என்று ஒன்று உண்டு. ஒரு விளையாட்டை உருவாக்கியது ஒரு நிறுவனமாக இருக்கும். அதை விளையாடும் யாரோ ஒருவர், தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அதில் ஏதாவது மாற்றுவார், சேர்ப்பார். அந்த மாற்றத்துக்குத்தான் மாட் என்று பெயர். செய்தவர் அதை ஓர் இணையதளத்தில் போட்டு வைப்பார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் சிரித்துக்கொண்டு சும்மா இருக்கும்.

அக்கா பேருந்து விளையாட்டுக்கு ஒரு மாட் செய்ய ஆரம்பித்தாள். கண்ணால் பார்க்க வேண்டியதை எல்லாம் காதால் கேட்கும்படி மாற்றும் மாட்.

ஒலி பிடிக்கும் வேலை எனக்கு. ஒரு வாரம் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. சாலையின் இடது ஓரத்தை நெருங்கினால் அம்மாவின் கத்திரிக்கோல் இடது காதில் ‘கிளுக் கிளுக்’ என்னும். வலது ஓரத்துக்கு அப்பாவின் சாவிக்கொத்து. வேகம் ஏற ஏற அம்மாவின் தையல் மிஷின் வேகமாக ஓடும். பச்சை விளக்குக்கு டம்ளரில் ஸ்பூன் தட்டும் ஓசை. சிவப்புக்கு அப்பாவின் இருமல்.

“இன்னொரு தடவை இருமுப்பா.”

“வந்தாத்தானேடி இருமுவேன்!”

“நேத்து நல்லா வந்துச்சே. கொஞ்சம் முயற்சி பண்ணு.”

முயற்சி செய்ததில் அப்பாவுக்கு நிஜமாகவே புரையேறிவிட்டது. அதைத்தான் பிடித்தோம். அருமையான இருமல். கேட்டால் யாருக்கும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

பிறகு கேப்டன் ஓட்டினான். முதல் நாள் பதினோரு தடவை ஆற்றில் விழுந்தான்.

“கத்திரிக்கோல் லேட்டா வருது” என்றான் கோபமாக. “ரோட்டை விட்டு இறங்கினப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?”

அக்கா திருத்தினாள். மறுநாளும் ஓட்டினான். “சாவி சத்தம் அதிகம். இருமல் காதுல விழல.” திருத்தினாள். பள்ளி விட்டதும் தினமும் இதே கதை. ஐந்து மாதங்கள் இப்படிப் போயின. ஒரு சனிக்கிழமை கேப்டன் முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை எங்கும் முட்டாமல் ஓட்டி முடித்தான். அம்மா வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துவிட்டுக் கைதட்டினாள். எனக்குத் தெரிந்து, வேலை நேரத்தில் அவள் ஊசிகளை எடுத்தது அதுதான் முதல் முறை.

அக்கா மாட்டை இணையதளத்தில் போட்டாள். கீழே, ‘கேப்டனுக்காக’ என்று ஒரு வரி எழுதினாள்.

பார்வை இல்லாதவர்கள் இத்தனை பேர் பேருந்து ஓட்ட ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. மூன்று மாதங்களில் இரண்டாயிரம் பேர் எடுத்திருந்தார்கள். ஒருவர், “அந்த இருமல்காரர் நலமா? டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார்.

“பாரு, ஊர் பேர் தெரியாதவங்களுக்கு இருக்கற அக்கறை உங்களுக்கு இருக்கா?” என்று அப்பா எங்களைப் பார்த்துக் கேட்டார்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. விளையாட்டு நிறுவனம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விளையாட்டைப் புதுப்பிக்கும். ஒவ்வொரு முறையும் அக்காவின் மாட் உடைந்துவிடும். கத்திரிக்கோல் வர வேண்டிய இடத்தில் ஸ்பூன் வரும். சில சமயம் எதுவுமே வராது. அக்கா மறுபடி உட்கார்ந்து சரிசெய்வாள். அதற்குள் கடிதங்கள் வந்து குவியும்.

“மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னுமா தூங்குகிறீர்கள்?” என்று ஒருவர்.

“செய்யத் தெரியாவிட்டால் ஏன் ஆரம்பிக்க வேண்டும்?” என்று இன்னொருவர்.

அக்காவுக்குப் பெரிய பரீட்சை வரும் வருடம் அது. மடிக்கணினியில் இரண்டு எழுத்துகள் வேறு கழன்றுவிட்டன. அந்த இடங்களில் சட்டைப் பொத்தான்களை ஒட்டி வைத்திருந்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். “அந்த இணையதளத்துல புதுசா ஒரு வசதி வந்திருக்கு. மாட் செய்யறவங்க விலை வைக்கலாம். நான் வைக்கப் போறேன்.”

“இத்தனை நாள் சும்மா குடுத்துட்டுத் திடீர்னு விலையா?” என்றார் அப்பா.

“நீ லிஃப்டைச் சும்மாவா சரி பண்றே?”

“அது என் வேலைம்மா.”

“இது விளையாட்டா?”

“விளையாட்டுதானே?”

அக்கா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அன்றிலிருந்து அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. ஒரு வேலைக்கு எப்போது காசு வாங்க வேண்டும், எப்போது வாங்கக் கூடாது?

“அப்பா, போன வாரம் நாலாம் மாடி ஃபேனைச் சரி பண்ணினியே, காசு வாங்கினியா?”

“அக்கம் பக்கத்துல வாங்குவாங்களா?”

“அக்கம் பக்கத்துல லிஃப்ட் இருந்தா?”

“வாங்குவேன்.”

“ஏன்?”

“ஏன்னா... லிஃப்ட் பெரிசு.”

“ஃபேனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“அரை நாள்.”

“போன மாசம் லிஃப்டுக்கு?”

“பத்து நிமிஷம்... சாப்பிடுடி முதல்ல.”

அப்பாவுக்கும் தெரியவில்லை என்று தெரிந்தது. அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த புதுப்பிப்பு வந்தது. அக்கா ஐந்து நாள் உட்கார்ந்து மாட்டைச் சரிசெய்து, சிறிய விலை ஒன்று வைத்து வெளியிட்டாள். பெரிய தொகை இல்லை. இரண்டு பென்சில் வாங்கலாம், அவ்வளவுதான்.

அந்த வாரம் கேப்டன் கீழே வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நான் ஐம்பத்து நான்கு படிகளும் ஏறிப் போனேன். அவன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கணினி அணைந்திருந்தது.

“ஏன்டா வரல?”

“வீட்டுப்பாடம்.”

“ரெண்டு வாரமாவா?”

“எங்க டீச்சர் ஒரு மாதிரி.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசவில்லை. கேப்டனிடம் கேள்வி கேட்டால் பொய் வரும். பேசாமல் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் கழித்து உண்மை வரும். இதை அந்த வயதிலேயே நான் கண்டுபிடித்திருந்தேன். சுவர்க் கடிகாரம் ஓடும் ஓசை கேட்டது. கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள்.

“பஸ் ஓட்டி ரெண்டு வாரம் ஆச்சு” என்றான் கடைசியில்.

“காசு இல்லையா?”

“இருக்கு! எண்ணி வச்சிருந்தேன். அப்பாவோட பேங்க் அட்டையை வாங்கி, எல்லாத்தையும் நானே தட்டினேன். திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டுமே, அந்தக் குரலும் ஒழுங்கா வாசிச்சுது. கடைசிப் பக்கத்துல நின்னுடுச்சு. நான் நிஜ மனுஷன்தானான்னு கேக்குது.”

“ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நம்பாதாம். ஒன்பது படம் காட்டுமாம். அதுல குறிப்பிட்ட படத்தை மட்டும் தொடணுமாம். படம் என்னன்னு குரலுக்கும் தெரியாது.” கேப்டன் என் பக்கம் திரும்பினான். “எதைத் தொடச் சொல்லுச்சு தெரியுமா?”

“எதை?”

“பஸ்ஸை.”

“பஸ்ஸையா?”

“நானூறு தடவை பஸ் ஓட்டியிருக்கேன் வாலு. ஒரு பஸ்ஸைத் தொடத் தெரியாம நின்னேன்.”

அவன்தான் முதலில் சிரித்தான். பிறகு நானும். சிரித்து முடித்த பிறகு, அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

“உங்கம்மாவை வந்து தொடச் சொல்லக் கூடாதா?”

“நானே தனியா பஸ் ஓட்டத்தானே அந்த மாட்?”

படிகளில் தடதடவென்று இறங்கி அக்காவிடம் சொன்னேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருந்தாள். கண்ணால் பார்த்ததால், அதில் கோளாறு எதுவும் தெரியவில்லை.

உடனே மாடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே.

“உனக்கு நான் சும்மா தரேன்டா. இப்பவே போட்டுத் தரேன்.”

“வேண்டாம்க்கா.”

“ஏன்?”

“எனக்குக் கீழ்வீட்டுல அக்கா இருக்கு. மத்த ரெண்டாயிரம் பேருக்கு?”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது அவளுக்கு. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்ப நான் என்னதான் பண்ணணும்? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அவங்க உடைப்பாங்க, நான் ஒட்டணும். திட்டும் வாங்கணும். சும்மாவே செஞ்சுட்டு இருக்கணும். என் பரீட்சைக்கு யார் படிப்பா, நீ படிப்பியா?”

“நான் சும்மா செய்யச் சொல்லலையே. நானே காசு குடுக்கத்தானே போனேன்!” என்றான் கேப்டன்.

இரண்டு பேரும் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் சிக்கல். யாராவது ஒருவர் தப்பாக இருந்தால் எவ்வளவு வசதி! நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

கடைசியில் அக்கா விலையை எடுத்துவிட்டாள். அதுவரை வாங்கியிருந்த முப்பத்தொரு பேருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினாள்.

“ஆனா ஒண்ணு” என்றாள். “அடுத்த தடவை உடைஞ்சா நான் தொட மாட்டேன். நிஜமா சொல்றேன். என்னால முடியல.”

அடுத்த புதுப்பிப்பு எப்போது என்று நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. இன்னும் முப்பத்தெட்டு நாள். அதற்குப் பிறகு இரண்டாயிரம் பேருந்துகள் ஊமையாகிவிடும். அவற்றில் ஒன்று கேப்டனுடையது.

நான் அம்மாவின் கடையில் போய் உட்கார்ந்தேன். எதையாவது யோசிக்க வேண்டும் என்றால் அங்கே, துணி மூட்டை மேல்தான் உட்காருவேன்.

ஒரு மாமா வந்தார். கையில் புதுக் கால்சட்டை. அம்மா அளந்து, மடித்து, ஊசி குத்தி, மிஷினில் ஓட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, “வரேம்மா” என்று போய்விட்டார்.

“அம்மா, அவர் காசு குடுக்காம போறாரு!”

“ம்ம்ஹ்ம்” என்றாள் அம்மா, ஊசிகளுக்கு நடுவே.

“கூப்பிடவா?”

அம்மா ஊசிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். “அவர் முனைக் கடையில வாங்கினவர். அங்க வாங்கினா திருத்தறது இலவசம்னு போர்டு இருக்குல்ல?”

“இலவசமா? அப்ப நீ சும்மாவா தைக்கறே?”

“அவருக்குத்தான் இலவசம். எனக்குக் கடைக்காரர் குடுத்துடுவார்.”

“கடைக்காரர் ஏன் குடுக்கணும்? கால்சட்டை போட்டுக்கறவர் இவர்தானே?”

“நான் திருத்தித் தரேன்னுதானே அவர் கடையில வாங்கறாங்க? கால் தரையில இழுபட்டா யார் வாங்குவா? அவருக்கு விக்கணும், இவருக்குப் பொருந்தணும்.”

அம்மாவுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. மறுபடி மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

நான் துணி மூட்டை மேலிருந்து குதித்த வேகத்தில் நூல்கண்டுப் பெட்டி கவிழ்ந்துவிட்டது. அதற்கு வாங்கிய திட்டு, ஊசிகளுக்கு நடுவிலிருந்தும் தெளிவாகக் கேட்டது.

அன்று சாயங்காலமே கேப்டன் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். விளையாட்டு நிறுவனத்துக்குக் கடிதம். நான் சொல்ல, அக்கா தட்டினாள்.

“உங்கள் விளையாட்டை ஒரு கால்சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஆரம்பித்தேன்.

“நல்லா இருக்காது” என்றாள் அக்கா.

“நல்லா இருக்கு. தட்டுக்கா” என்றான் கேப்டன்.

அக்கா தட்டினாள்.

“எங்கள் அக்கா அதைத் திருத்தியிருக்கிறாள். அதனால் இரண்டாயிரம் பேருக்கு அது பொருந்துகிறது. அவர்கள் எல்லோரும் உங்கள் கடையில்தான் விளையாட்டை வாங்கியிருக்கிறார்கள். எங்கள் அம்மா திருத்தினால் முனைக் கடைக்காரர் அம்மாவுக்குக் காசு கொடுக்கிறார். வாங்குகிறவரிடம் கேட்பதில்லை. நீங்கள் ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.”

வேலை செய்தவர்கள் பட்டியலையும் போட வேண்டும் என்றேன். அக்கா, அவளுக்கு அடுத்து ஒலி பிடித்த நான். கத்திரிக்கோலும் மிஷினும் அம்மா. சாவிக்கொத்தும் இருமலும் அப்பா.

“முடிஞ்சுதா?” என்றான் கேப்டன்.

“முடிஞ்சுது. நீ கீழே தனியா இருக்கே. ‘கேப்டனுக்காக’ன்னு.”

அவன் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“அந்த வரி எனக்குப் பிடிக்கலக்கா. பிறந்தநாள் பரிசு மாதிரி இருக்கு. நானும்தானே வேலை செஞ்சேன்? அஞ்சு மாசம் ஆத்துல விழுந்தது யாரு?”

அக்காவின் விரல்கள் நின்றன. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அந்த வரியை அழித்தாள். பட்டியலில், தன் பெயருக்கு அடுத்த இடத்தில், ‘ஓட்டிப் பார்த்துத் தவறுகளைக் கண்டுபிடித்தவர்: கேப்டன்’ என்று தட்டினாள். தட்டியதை வாசித்தும் காட்டினாள்.

“இப்ப சரி” என்றான்.

கடிதம் போனது. பதில் வரவில்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம். முப்பத்தெட்டாவது நாள் புதுப்பிப்பு வந்தது. மேலேயிருந்து கேப்டன் இறங்கி வரும் காலடி கேட்டது. வழக்கமான வேகம் இல்லை.

“சத்தம் போயிடுச்சு” என்றான். அவ்வளவுதான் சொன்னான். சரிசெய்யச் சொல்லிக் கேட்கவில்லை.

கடிதங்கள் வந்தன. திட்டியவர்கள் பாதி. மீதிப் பேர் வெறுமனே, “இருக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் படித்தாள். பொத்தான் ஒட்டிய மடிக்கணினி மேல் அவள் கை போகும், திரும்பி வரும். பிறகு பாடப்புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தை மறுபடி படிப்பாள். அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, கேப்டனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் வெட்கமாக இருந்தது. யாராவது விளையாட்டைக் கால்சட்டை என்பார்களா?

ஐந்தாம் நாள் அம்மாவின் கடைத் தொலைபேசி அடித்தது.

“ஆமா, தையல் கடைதான்” என்றாள் அம்மா. “ஆமா, திருத்தித் தருவோம்... கால்சட்டையா? எத்தனை இன்ச் குறைக்கணும்?... இல்லையா? பஸ்ஸா? இங்க பஸ் எல்லாம் தைக்கறதில்லைங்க.”

நான் பாய்ந்து போய் வாங்கினேன். கடிதத்தில் கடையின் எண்ணைக் கொடுத்தது நான்தான்.

ஒரு பெண்ணின் குரல். “கால்சட்டைக் கடிதம் எழுதினது நீங்களா?”

“ஆமா.”

“நாங்க மொத்தம் ஏழு பேர். அதைப் படிச்சுட்டு, ஏழு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டு உங்க மாட்டை வச்சு ஓட்டிப் பார்த்தோம். அஞ்சு பேர் ஆத்துல விழுந்தோம். ஒருத்தர் விளக்குக் கம்பத்துல மோதிட்டார். எங்க கணக்குப்பிள்ளை மட்டும் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்துட்டார். அன்னிலேருந்து அவர் தொல்லை தாங்கல.”

“அப்புறம் ஏன் இத்தனை நாள் பதில் போடல?”

“சண்டை போட்டுக்கிட்டிருந்தோம். மாட் செய்யறவங்களுக்குக் காசு குடுக்கலாமா வேண்டாமான்னு. இன்னும் முடியல அந்தச் சண்டை. எல்லாருக்கும் குடுக்க எங்ககிட்ட அவ்வளவு இல்ல. யாருக்குக் குடுக்கறது, யாருக்கு வேண்டாம்னு சொல்றது? அது தெரியல.”

அவர்களுக்கும் தெரியவில்லை! எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது.

“ஆனா உங்க ஒண்ணு மட்டும் முடிவாயிடுச்சு” என்றார் அவர். “அது விளையாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியது. நாங்க முதல்லயே செஞ்சிருக்கணும். நாங்க வாங்கிக்கறோம். பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் குடுக்கறோம். விளையாடறவங்க தனியா எதுவும் குடுக்க வேண்டாம். இனிமே உடைஞ்சா ஒட்டறது எங்க வேலை.”

நான் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மாடிப்படிக்கு ஓடி, மேலே பார்த்துக் கத்தினேன். கேப்டன் ஐம்பத்து நான்கு படிகளையும் எத்தனை நொடியில் இறங்கினான் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

அவன் தொலைபேசியை வாங்கிக்கொண்டான்.

“நான்தான் ஓட்டிப் பார்க்கறவன். ரெண்டு விஷயம். உங்க கடையில பணம் கட்டற பக்கத்துலயும் நிஜ மனுஷனான்னு கேக்கற அந்த ஒன்பது படம் இருக்கு. எடுத்துடுங்க.”

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

“இன்னொண்ணா? நீங்க ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் வெளியில விடறதுக்கு முன்னாடி நான் ஓட்டிப் பார்க்கணும்... ஆமா, காசுக்குத்தான்.”

அம்மா என்னைப் பார்த்தாள். வாயிலிருந்து ஊசிகளை எடுத்தாள். இது இரண்டாவது முறை.

ஒரு மாதம் கழித்துக் கையெழுத்துப் போடக் காகிதங்கள் வந்தன. அப்பாவுடையதை அவர் சத்தமாகப் படித்தார். “என்னுடைய இருமலை உலகம் முழுவதும் பயன்படுத்திக்கொள்ள இதன் மூலம் சம்மதிக்கிறேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “உலகம் முழுக்கவா? மாடி வரைக்கும் கேக்குதுன்னே உங்கம்மா திட்டறா.”

“போட்டுக் குடுங்க. வெளியூர்க்காரங்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்” என்றாள் அம்மா.

இதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

அக்கா பரீட்சையில் தேறினாள். வந்த பணத்தில் எல்லா எழுத்துகளும் உள்ள மடிக்கணினி வாங்கினாள். இப்போது மருத்துவமனைக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறாள். விடுமுறை நாட்களில் இன்னும் மாட் செய்கிறாள், சும்மாதான். யாராவது திட்டி எழுதினால் பதில் போடுவதில்லை.

கேப்டன் நான்கு நிறுவனங்களின் விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறான். ‘லேட்டா வருது’ என்று சொல்வதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

அந்த ஏழு பேர் நிறுவனம் இப்போது இருபது பேர் நிறுவனமாகிவிட்டது. மாட் செய்கிறவர்களுக்குக் காசு கொடுக்கலாமா என்ற சண்டை அங்கே இன்னும் நடப்பதாகக் கேப்டன் சொல்கிறான். வருடத்துக்கு இரண்டு மூன்று மாட்களை வாங்குகிறார்களாம்.

அம்மா முனைக் கடைக்கு மட்டுமில்லாமல் இன்னும் இரண்டு கடைகளுக்குத் திருத்தித் தருகிறாள். பேருந்து பற்றி யாராவது தொலைபேசியில் கேட்டால் என்னிடம் கொடுத்துவிடுவாள்.

நான் பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு, ‘எனக்கும் தெரியல’ என்கிறேன்.

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்துவிட்டது. அதைப் பொருத்தியவர் அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அவருடைய இருமல் போன இடம் தெரியவில்லை. ஆனால் எங்கேயோ யாரோ ஒருவர் பேருந்தை ஓட்டிக்கொண்டு போகிறார், எதிரே சிவப்பு விளக்கு விழுகிறது, அப்பா இருமுகிறார், பேருந்து நிற்கிறது.